எட்டாவது போல்ட்

இது கற்பனை இல்லை. நடந்தது, எனக்கே நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். போன வருஷம் வரைக்கும் நானும் சிரித்துக்கொண்டிருந்தவன்தான். யாராவது பேய் என்று வாயைத் திறந்தால், "அதுக்கு ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சு?" என்று கேட்கிற ஆள் நான்.

இந்த மாதிரி அனுபவம் எழுதுகிறவர்கள் எல்லோரும் நடுராத்திரி, கும்மிருட்டு, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மணி நாலு கூட ஆகவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சாட்சிக்கு என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்கிறார். ஆனால் அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் மெக்கானிக். ஊருக்கு வெளியே ஒரே வரிசையில் நிற்கும் தகர ஷெட்டுகளில் கடைசி ஷெட் என்னுடையது. எனக்குப் பட்டப்பெயர் 'மிளகாய்'. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். வேலை தெரியாதவன் வண்டியைத் தொட்டால் எனக்குக் கோபம் வரும். வேலை தெரிந்தவன் அரைகுறையாகச் செய்தால் அதைவிட அதிகமாக வரும்.

சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய ஃபோர் வீல் டிரைவ் ட்ரக். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சேறு தண்ணீர் எதற்கும் அஞ்சாது. மாப்பிள்ளை குடும்பம் இருப்பது மலைமேல் மின்நிலையக் குடியிருப்பில். அங்கே சாமான் ஏற்றிப்போவதற்காக எட்டு மாதம் முன்னால் ஒரு புரோக்கரிடம் வாங்கினார். அதற்கு முன்னால் அது யாரிடம் இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் தங்கச்சிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். குடியிருப்பு நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுப்பதற்குள் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று கையை விரித்துவிட்டாள். வழியில் பாலம் இல்லாத ஓர் ஓடை உண்டு. மழைக்காலத்தில் அதில் இறங்கி ஏறுகிற வண்டி இது ஒன்றுதான். பார்த்து இதற்குத்தான் கிளட்ச் போயிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது. வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்றிக்கொண்டு நடு ஓடையில் நின்றுவிட்டால்? பயந்துபோய் அவளை மேலேயே விட்டுவிட்டு, வண்டியைத் தனியாக உருட்டிக்கொண்டு வந்திருந்தார் மாப்பிள்ளை. திங்கட்கிழமை விடியும்போது வண்டி மேலே கிளம்பியாக வேண்டும். அதற்கு மேல் மழை வலுத்தால் ஓடையை யாராலும் தாண்ட முடியாது.

எனக்கும் சோறு இறங்கவில்லை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள்.

சனிக்கிழமையே கியர்பாக்ஸைக் கீழே இறக்கிவிட்டோம். ஞாயிறு என் ஆட்களுக்கு லீவு. வரிசையில் மற்ற ஷெட்டுகளும் பூட்டிக் கிடந்தன. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, கடையைத் திறக்க வைத்து, புது ஃப்ளைவீலும் அதற்கான புது போல்ட்டுகளும் கிளட்ச் செட்டும் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வேலையில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை நல்ல டிரைவர். ஆனால் ஒரு இடத்தில் நிற்க மாட்டார். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர் மாதிரி வாசலுக்கும் வண்டிக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் பின்பக்கம் மாட்டியிருக்கும் கனமான இரும்புச் சக்கரம். அதன் முகத்தில்தான் கிளட்ச் பிளேட் ஒட்டிப் பிடிக்கும். பழைய சக்கரம் வெந்து, நீலம் நீலமாகத் திட்டுப் பாய்ந்து, மயிரிழை விரிசல்கள் விட்டிருந்தது. அதை எஞ்சினோடு பிடித்திருப்பவை எட்டு போல்ட்டுகள். அவற்றைக் கழற்றப் போனபோதுதான் அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான போல்ட்டை முழுசாக முறுக்கி முடித்ததும் அதன் தலையில் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும், திரும்பி வந்து பார்த்தால் எது முடிந்தது, எது பாக்கி என்று தெரியும். ஆளாளுக்கு ஒரு கலர். என்னுடையது ரோஸ். வீட்டுக்காரி தூக்கிப்போடும் நகப் பாலீஷ்தான், இரும்பில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதை வைத்து அந்த வரிசையில் என்னைக் கிண்டல் பண்ணாதவன் கிடையாது.

பழைய மெக்கானிக் யாரோ, நல்ல கைக்காரன். மெல்லிய சிவப்புக் கோடு. கோட்டின் நுனியில் அழகாக ஒரு புள்ளி. ஏழு போல்ட்டில் அப்படி இருந்தது. ஒவ்வொன்றையும் அசைப்பதற்குள் எனக்கு முதுகு விட்டுப்போனது, அவ்வளவு இறுக்கம். எட்டாவதில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. சும்மா விரலால் திருகினேன். கையோடு வந்துவிட்டது. உள்ளே கிளட்ச் பிளேட் தடுத்துக்கொண்டிருந்ததால்தான் இத்தனை நாள் விழாமல் இருந்திருக்கிறது. உரசி உரசி அதன் தலை பளபளவென்று தேய்ந்திருந்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பாருங்க மாப்ள. ஏழு முறுக்கியிருக்கான். எட்டாவது வரும்போது எந்திரிச்சு எங்கயோ போயிட்டான். டீ குடிக்கப் போயிருப்பான்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அந்தப் போல்ட்டை ஷெட் மூலையில் இருக்கும் பழைய இரும்பு டிரம்மில் வீசினேன். டங்கென்று விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உடனே இன்னொரு சத்தம்.

டொக்.

டிரம்மிலிருந்து இல்லை. வண்டியிலிருந்து. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். எஞ்சின் சூடு ஆறினால் இரும்பு அப்படித்தான் சத்தம் போடும் என்றேன். அவர் தலையாட்டினார். எஞ்சினை நிறுத்தி ஒரு ராத்திரி முழுக்க ஆகிவிட்டது, ஆறுவதற்கு அதில் சூடே இல்லை என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை, கேட்க வேண்டுமா? பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று. வண்டிக்கு அடியில் பெயிண்ட் வாசனை அடித்தது. ஈரப் பெயிண்ட். என் ஷெட்டில் பெயிண்ட் வேலையே கிடையாது. மழைக்கு எங்கிருந்தோ வருகிறது என்று விட்டுவிட்டேன்.

புது ஃப்ளைவீலைத் தூக்கி மாட்டினேன். போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக மாற்றி மாற்றி முறுக்கவேண்டும். அளவு வைத்து முறுக்கும் ஸ்பேனர் அது. போதுமான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும். கிளிக், ஒரு ரோஸ் கோடு. கிளிக், இன்னொரு ரோஸ் கோடு. அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தங்கச்சி. மழையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"அண்ணா... நாளைக்கு வந்துடுவீங்கல்ல?"

"வண்டி ரெடிம்மா. காலைல மாப்ள அங்க இருப்பாரு. வலி ஏதும் இருக்கா?"

"இல்லண்ணா."

இல்லை என்று சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயசில் காய்ச்சலை மறைக்கும்போதும் அதே குரலில்தான் சொல்வாள். மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன். சீக்கிரம், சீக்கிரம் என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. பேசி முடித்த மாப்பிள்ளை கிளட்ச் பிளேட்டைத் துடைத்துத் தயாராக நீட்டினார். வாங்கினேன், வைத்தேன், மேலே மூடினேன். இரண்டு பேரும் சேர்ந்து கியர்பாக்ஸை ஜாக்கியில் ஏற்றி, திட்டிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் ஒருவழியாக உள்ளே நுழைத்தோம். நான் வேலை பார்த்த காலத்தில் அவ்வளவு வேகமாக ஒரு கியர்பாக்ஸ் ஏறியது இல்லை. பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றரை மணி. இனி ஒரு வேலைதான் பாக்கி. கிளட்ச் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே சீட்டில் உட்கார்ந்து கிளட்ச் பெடலை மிதிக்கணும். இன்னொருவர் அடியில் படுத்து, மிதித்திருக்கும்போது திருகைத் திறந்து, காற்றும் எண்ணெயும் வந்ததும் மூடணும். பிறகு மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். மழைச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் சேஸி என்கிற அடிச்சட்டத்தில் ஸ்பேனரால் தட்டிச் சொல்வது வழக்கம். ஒரு தட்டு, மிதி. இரண்டு தட்டு, விடு. விடாமல் தட்டினால், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா. எல்லா ஷெட்டிலும் இதுதான் பாஷை. மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். புரிந்ததற்கு அடையாளமாக ஷூக் காலால் தரையில் ஒரு உதை உதைப்பதாகச் சொன்னார்.

தட்டினேன். மேலே தொப்பென்று உதை. மிதித்தார். சுத்த மோசம். வெடுக்கென்று மிதிப்பதும் வெடுக்கென்று விடுவதும், குழாயில் காற்று போகிறதைவிட அதிகமாக உள்ளே வருகிறது. நாலைந்து தடவை திட்டினேன். மழையில் அவருக்குக் கேட்டிருக்காது.

பிறகு நன்றாக மிதிக்க ஆரம்பித்தார்.

மெதுவாக, ஒரே சீராக, அடிவரைக்கும். அங்கே ஒரு நிமிஷம் அசையாமல் பிடித்து, நான் இரண்டு தட்டு தட்டியதும் மெதுவாக மேலே. தொழில்காரன் மிதிக்கிற மிதி. குழாயில் காற்றுக் குமிழிகள் வரிசையாக வெளியே வந்தன. பரவாயில்லை, மாப்பிள்ளை தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது.

இப்போது பதிலுக்கு உதை வரவில்லை. தட்டு வந்தது. இரும்பில் இரும்பு படுகிற சத்தம்.

டொக்.

மாப்பிள்ளை கையில் ஸ்பேனர் எடுத்துக்கொண்டார் போல.

நான் தட்டுவேன். டொக். பதில் வரும். டொக். மிதி. தட்டுவேன். டொக் டொக். விடு. குமிழி நின்றுபோய்ச் சுத்தமான எண்ணெய் வந்தது. கடைசியாக ஒரு தடவை மிதிக்கச் சொல்லி, திருகை இறுக்கி, இரண்டு தட்டு தட்டினேன்.

பெடல் மேலே வரவில்லை.

மறுபடி இரண்டு தட்டு. வரவில்லை. தலைக்கு மேலே கிளட்ச் நெம்புகோல் தள்ளியபடியே நின்றது. யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

"மாப்ள! காலை எடுங்க!"

அப்போது பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. சேறு படிந்த ஷூ. மாப்பிள்ளையின் ஷூ. குனிந்து உள்ளே வந்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். ஒரு கையில் டீ வாங்கிய தூக்கு, இன்னொரு கையில் பன் பொட்டலம்.

நான் அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினேன்.

"எப்ப... எப்ப போனீங்க?"

"அப்பவே போயிட்டேனே மச்சான். சொல்லிட்டுத்தான போனேன். திட்டிட்டே இருந்தீங்க, சரி ஒரு டீ குடிச்சா கோவம் குறையும்னு..."

வாசல் கடிகாரத்தைப் பார்த்தேன். மூணு ஐம்பது. டீக்கடை மெயின் ரோட்டில் இருக்கிறது. போய் வர எப்படியும் கால் மணி நேரம் ஆகும்.

அடியிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வண்டிக் கதவு திறந்தே இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

சீட்டில் யாரும் இல்லை.

கிளட்ச் பெடல் தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... மெதுவாக... ஒரே சீராக... மேலே வந்தது.

மாப்பிள்ளை கையிலிருந்த தூக்கு விழுந்தது. டீ தரையெல்லாம் ஓடியது. காற்றுதான், குழாயில் எங்கேயோ அழுத்தம் நின்றிருக்கும் என்று நான் வாயைத் திறந்தேன். எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை.

அப்போது அது ஆரம்பித்தது.

டொக்.

இந்தத் தடவை மேலேயிருந்து இல்லை. அடியிலிருந்து. நான் இவ்வளவு நேரம் படுத்திருந்த இடத்திலிருந்து.

டொக்...

டொக்...

அவசரம் இல்லை. ஒவ்வொன்றாக. தட்டுகிறவனுக்குக் கையில் பலம் இல்லாத மாதிரி.

மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மச்சான், வெளிய போயிடலாம். மச்சான்." எனக்கும் அதுதான் தோன்றியது. ஈரக்குலை நடுங்கியது என்று கதைகளில் படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது உடம்பில் எந்த இடம் என்று தெரிந்தது. ஆனால் போனால் எப்படித் திரும்பி வருவது? காலையில் இதே வண்டியில் என் தங்கச்சி ஏறவேண்டும்.

முட்டி போட்டேன். கைவிளக்கை அடியில் பிடித்தேன். குனிந்து பார்த்தேன்.

சத்தம் நின்றது.

யாரும் இல்லை. நான் படுத்திருந்த சாக்கு. ஸ்பேனர்கள். எண்ணெய்க் கிண்ணம்.

சாக்கில், என் தலை இருந்த பள்ளத்தில், ஒரு போல்ட்.

எடுத்தேன். பளபளவென்று தேய்ந்த தலை. கோடு இல்லை, புள்ளி இல்லை. காலையில் என் கையால் டிரம்மில் வீசிய அதே எட்டாவது போல்ட். அது சில்லென்று இருக்க வேண்டும். யாரோ உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்த மாதிரி கதகதவென்று இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டாவது... எட்டாவது... போன் வந்தபோது நான் எத்தனையாவதில் இருந்தேன்? வாசலுக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து பிளேட்டை வாங்கியது ஞாபகம் இருக்கிறது. கடைசி 'கிளிக்' ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"மாப்ள. கியர்பாக்ஸைத் திரும்ப இறக்கணும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். விளையாடுகிறேனா என்று கேட்டார். மழை ஏறிக்கொண்டே போகிறது, அவளுக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம், ஓடாத வண்டியை ஓட வைத்தாயிற்று, இப்போதே கிளம்புகிறேன் சாவியைக் கொடுங்கள் என்று கிட்டத்தட்ட அழுதார். அவர் சொன்னதில் தப்பில்லை. மறுபடி இறக்கி ஏற்ற ராத்திரி ஆகிவிடும்.

"அந்த ஒரு போல்ட் கழண்டு உள்ள விழுந்துச்சுன்னா கிளட்ச் சிதறிடும் மாப்ள. ஏத்தத்துல நடந்தா வண்டி பின்னால உருளும். உள்ள அவ இருப்பா."

மாப்பிள்ளை ஜாக்கியை இழுத்துவந்தார். நான் அடியில் இருந்த நேரம் முழுக்க அவர் வாசல் பக்கம் போகவே இல்லை. என் கால் பக்கத்தில் உட்கார்ந்து, கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். யாருக்கு அது தைரியமாக இருந்தது என்று இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

கியர்பாக்ஸ் இறங்கியது. கிளட்ச்சைக் கழற்றினேன். விளக்கைப் பிடித்தேன்.

ரோஸ் கோடு. ரோஸ் கோடு. எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

ஏழு.

எட்டாவதை விரலால் தொட்டேன். திரும்பியது.

உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. பேய்க்காக இல்லை. என் தங்கச்சிக்காக. எவனையோ காலையில் என்ன பேச்சுப் பேசினேன், அதையே நானும் செய்திருக்கிறேன்.

ஸ்பேனரை மாட்டி முறுக்கினேன். கிளிக். பெரிய மூச்சு விட்டேன். நகப் பாலீஷ் பாட்டில் இடது பக்கம் சாக்கின் ஓரத்தில் இருந்தது. தலையைத் திருப்பி அதை எடுத்தேன். மூடியைத் திறந்துகொண்டே திரும்பினேன்.

பெயிண்ட் வாசனை குப்பென்று அடித்தது.

எட்டாவது போல்ட்டின் தலையில்...

சிவப்பாக ஒரு கோடு.

நுனியில் ஒரு புள்ளி.

தொட்டேன். ஈரம்.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தேன் என்று தெரியாது. மாப்பிள்ளை கணுக்காலை அமுக்கியபோதுதான் வெளியே வந்தேன். என் விரலைப் பார்த்துப் பதறினார்.

"கை கிழிச்சிடுச்சா மச்சான்?"

"பெயிண்ட்" என்றேன். எங்கிருந்து பெயிண்ட் என்று அவர் கேட்கவில்லை. அதன் மேல் என் ரோஸ் கோட்டைப் போட எனக்கு மனசு வரவில்லை. அப்படியே மூடினோம். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை, பெயிண்ட் வாசனையும் இல்லை. வேலை முடிந்தபோது ஒன்பதரை. இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்து எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரி என்ன ஆச்சு என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தூங்கிவிட்டாள்.

விடிவதற்கு முன்னால் நானும் கூடவே ஏறிக்கொண்டேன். ஓடையில் தண்ணீர் பானெட் வரைக்கும் வந்தது. தங்கச்சியை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வலி வந்துவிட்டது. அக்கரை ஏற்றத்தில் மாப்பிள்ளை கிளட்ச்சை விட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் ஏறியது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஏதோ பிரமை, தூக்கமில்லாத கண் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

ஐந்து மாதம் கழித்து வண்டியின் பின்கதவுக் கீல் விட்டுப்போயிற்று என்று மாப்பிள்ளை கொண்டுவந்தார். எங்கள் வரிசையில் அப்போது வெளியூரிலிருந்து ஒரு வெல்டர் புதிதாக வந்து ஷெட் எடுத்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். வாயே திறக்க மாட்டார், பசங்கள் 'சைலன்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரைக் கூப்பிட்டேன். அடியில் ஒரு பட்டை போடவேண்டும் என்று உள்ளே போனவர், நெருப்பே பற்றவைக்காமல் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. சேஸியில் இருக்கும் ஒரு பழைய வெல்டிங் ஒட்டைக் காட்டி, இது தன் கை வேலை என்றார்.

அவர் ஒரு காலத்தில் மெக்கானிக் ஒருவரிடம் கையாளாக இருந்திருக்கிறார். இதே வண்டி, இதே கிளட்ச் வேலை. ஒரு மழை நாள். ஃப்ளைவீல் போல்ட்டுகளை மெக்கானிக் முறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஜாக்கியில் ஏற்றிவைத்த கியர்பாக்ஸ் சரிந்து அவர் நெஞ்சில் விழுந்துவிட்டது. எடுக்கும்போது ஸ்பேனர் கையிலேயே இருந்ததாம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நிற்க யாருக்கும் மனசில்லை. வேறு யாரையோ வைத்து அவசர அவசரமாக மூடி, வண்டியை விற்றுவிட்டார்கள்.

நான் அதுவரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகவே சொன்னார்.

"முறுக்கி முடிச்சதும் சிவப்புல கோடு போட்டு, ஒரு புள்ளி வைப்பாரு. ஒரு போல்ட்டு பாக்கி இருந்துச்சு."

"முறுக்கியாச்சு" என்றேன்.

"கோடு?"

"அதுவும் இருக்கு."

யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். ஏழு முறுக்கிவிட்டு எழுந்து எங்கேயோ போய்விட்டான், டீ குடிக்கப் போயிருப்பான் என்று நான் அன்றைக்குச் சொன்னது காதில் கேட்டது. அந்த மெக்கானிக் எழுந்திருக்கவே இல்லை.

பிறகு வெல்டர் என் பெஞ்சில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். மெதுவாக. ஒவ்வொன்றாக.

டொக்... டொக்... டொக்...

"இந்தச் சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"என்ன பண்ணீங்க?"

"குனிஞ்சு பார்த்தேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

"நான்தான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது உள்ள இப்படித்தான் தட்டிக்கிட்டிருந்தாரு. வேலை பார்க்கிறாருன்னு நினைச்சேன். நல்ல மழை. கையில சிகரெட் பாதி இருந்துச்சு. வாசல்லயே நின்னு அதை முடிச்சுட்டுத்தான் உள்ள போனேன்."